ஆறிப்போன சூப்

ஆங்கில வாத்தியாரின் மாமியாருக்கு இரண்டு கையிலும் மாவுக்கட்டு. "சூடு ஆறுறதுக்குள்ள சூப்பை ஊட்டி விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி வேலைக்குப் போனாள். வாத்தியார் கிண்ணத்தைக் கட்டிலருகே வைத்த நேரம் பார்த்து மாணவி போன் செய்தாள். சொல்லாராய்ச்சி என்றால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது.

"'கன்ஜீல்'னா கெட்டியா உறையறதும்மா. லத்தீன்லேர்ந்து வந்தது. மூலத்துல, குளிர்ல ஒண்ணா இறுகிப்போறதுன்னு அர்த்தம்" என்று ஆரம்பித்தவர், பிரெஞ்சு வரை போய்த்தான் மூச்சு விட்டார்.

"ஒரு உதாரணம் சொல்லுங்க சார்."

உதாரணத்துக்கா பஞ்சம்? மிதப்பாகத் திரும்பினார். கிண்ணத்தில் கொழுப்பு வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது. கூனிக் குறுகிப்போனார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார், உலர்ந்த உதட்டோடு. "பாவம், அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் காத்திருக்கும்?"