பிடித்துத் தைத்த சட்டைகள்

நர்ஸ் கத்தரிக்கோலை அப்பாவின் சட்டைக்குள் நுழைத்தபோது தையல்காரனான மகன், "பட்டனைக் கழட்டிடலாமே, சிஸ்டர்" என்றான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கழுத்திலிருந்து அடிமடிப்பு வரை ஒரே இழுப்பு. சட்டையின் முன்புறம் முழுக்க ரத்தம். அந்த நேரத்தில் போய்ச் சட்டைக்காகப் பேசியது அவனுக்கே அசிங்கமாக இருந்தது. யாரோ அவன் தோளைப் பிடித்துத் திரைக்கு வெளியே தள்ளினார்கள்.

காலையில் அப்பா நன்றாகத்தான் இருந்தார். பிஸ்கட்டை டீயில் கூழாகக் கரைத்துக் குடித்தார். பஸ் டிப்போவுக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவர், "என்னமோ பண்ணுது" என்றார். அடுத்து வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. ரத்தம்தான் வந்தது. வாசற்படி நனைந்தது.

டிப்போவில் அவருக்குப் பட்டப்பெயர் சோடா. ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்தே நெஞ்செரிச்சல், வண்டி நிற்கிற இடமெல்லாம் ஒரு சோடா. கண்ட நேரத்தில் சாப்பாடு, சாப்பிட்ட கையோடு படுக்கை, சட்டைப் பையில் எப்போதும் வெள்ளை மாத்திரை. "எஞ்சினைவிட எனக்குள்ளதான் சூடு ஜாஸ்தி" என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார். போன வருடம் எரிச்சல் தானாகவே அடங்கியது. மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டு, "விட்டது சனியன்" என்றார். வீடே நம்பியது. பிறகு சோறு தொண்டையில் நிற்கிறது என்றபோது, சரியாக மெல்லாததுதான் காரணம் என்று வீட்டில் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

டாக்டரம்மா வெளியே வந்தாள். சின்ன வயது.

"குழாய் விட்டுப் பாத்தோம். உணவுக்குழாய்ல பெரிய கட்டி இருக்கு. அது புண்ணாகி ரத்தம் கொட்டுது. நெஞ்செரிச்சல் உண்டா?"

"இருந்துச்சு. போன வருஷமே சரியாயிடுச்சு" என்றாள் அக்கா.

"சரியாகலீங்க. வருஷக்கணக்கா அமிலம் பட்டுப் பட்டு உள்தோலே மாறிடும். அப்புறம் சில பேருக்கு எரிச்சல் தெரியாது." டாக்டரம்மா அம்மாவின் பக்கம் திரும்பினாள். "எடை எப்பலேர்ந்து குறைஞ்சுது?"

"குறையலையேம்மா" என்றாள் அம்மா. "சட்டையெல்லாம் அளவாத்தானே இருந்துச்சு."



அளவாக வைத்தது தையல்காரன்தான். தொப்பை இறங்கிவிட்டது, கொஞ்சம் பிடித்துக் கொடு என்று அப்பா கடைக்கு வந்து நிற்பார். அவன் டேப்பைச் சுற்றி, "மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க" என்பான். பக்கவாட்டில் பிடித்துத் தைத்தான். கொஞ்ச நாளில் மறுபடி பிடித்தான். அப்புறம் தோள்பட்டை. கடைசியாகக் காலர். தொப்பை கரைந்தால் கழுத்து ஏன் இளைக்கிறது என்று கடையில் பட்டன் கட்டுகிற பையன்கூடக் கேட்டிருப்பான். அவன் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு காலர் பட்டனை உள்ளே தள்ளித் தைத்தான். துணியில் எங்கே கூடுதல் இருக்கிறது என்று பார்த்தே பழகிய கண். உள்ளே இருந்த ஆள் எங்கே போகிறார் என்று பார்க்கவில்லை.

"குறைஞ்சுது டாக்டர்" என்றான். "நான்தான் பிடிச்சுப் பிடிச்சுத் தச்சேன்."

டாக்டரம்மா அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"டேப்பு உன் கையிலதானேடா இருந்துச்சு" என்றாள் அக்கா.

அம்மா, "அவனை விடுடி. பக்கத்துல படுத்தவளுக்கே தெரியல" என்றாள்.

டாக்டரம்மா மறுபடி வந்தபோது கையுறை இல்லை.

"ரத்தத்தை நிறுத்த முடியலீங்க."

அக்கா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அம்மா மட்டும் ஏதோ பிசகு நடந்துவிட்டதைத் திருத்துகிறவள் போல, "இன்னைக்கு அவருக்குப் பகல் டூட்டிம்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சூப்பர்வைசர் திட்டுவாரு" என்றாள்.

உடலைக் கொடுக்க நேரமாகும் என்றார்கள். அம்மா காலையில் சர்க்கரை மாத்திரை போட்டிருந்தாள், வெறும் வயிறு. தையல்காரன் கேன்டீனிலிருந்து பன் வாங்கி வந்து அவள் கையில் வைத்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டு, எங்கேயோ பார்த்தபடி மென்றாள்.

அவன் எதிரில் குந்தி உட்கார்ந்தான்.

"எதுக்குடா வாயையே பாக்கற?"

"ஒண்ணுமில்லம்மா. சாப்பிடு."

விழுங்கினாள். இறங்கியது. அவள் அடுத்த விள்ளலைப் பிய்த்தாள். அவன் கண் அவள் தொண்டையை விட்டு நகரவில்லை.