மதகடியில் கேட்கும் சத்தம்

கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பிக்கப் வண்டி குறுக்கே நின்றது. முன்சக்கரம் ஒன்று கழன்று சுவரோரம் கிடக்க, ஜாக்கியின் மேல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த வண்டியைச் சுற்றி, பெட்டியைச் சாய்த்து, சுவரில் உரசி, ஒருவரை ஒருவர் வைதுகொண்டே எப்படியோ உள்ளே கொண்டுபோனார்கள். கூடத்தில் பெரிய பிளக் ஒன்றுதான். ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அதில் பெட்டியைச் சொருகினார்கள்.

எல்லையம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிக்கொண்டு அழ வந்த பெண்களின் தோளில் முகத்தை வைப்பாள், சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய் வண்டியைப் பார்ப்பாள், திரும்பி வந்து உட்காருவாள், மறுபடி எழுந்திருப்பாள். நேற்றுச் சாயங்காலம் அந்தச் சக்கரத்தடியில் பேரிங் மாற்ற உட்கார்ந்தபோதுதான் அவள் புருஷன் மதிவாணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். "ஒரு சோடா வாங்கியா" என்றான். சோடா வருவதற்குள் ஆள் போய்விட்டான். மகள் தர்ஷினி பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"இத வச்சிக்கிட்டுப் பாடைய எப்படி எடுக்கறது?" என்றார் நெடுமாறன். செத்தவனின் அண்ணன். "டிராக்டர் சொல்லிட்டேன். கயிறு போட்டு இழுத்து நம்ம ஐஸ் கொட்டகைல நிறுத்திடலாம். காரியமெல்லாம் முடியட்டும், அப்பறம் பேசிக்கலாம்."

கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவர் கொட்டகைக்குள் போன பொருள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. புயலுக்கு இரவல் போன ஜெனரேட்டர் இன்னும் அங்கேதான் மூலையில் தூங்குகிறது. வண்டியும் போய்விட்டால், கோடியக்கரையில் மீன் எடுத்து ஒரத்தநாடு சந்தைக்கு ஏற்றுகிற பிழைப்பும் அதோடு சரி. அவளுக்கும் தர்ஷினிக்கும் இருப்பது இந்த வண்டி ஒன்றுதான்.

"இழுக்க வேணாம் மாமா" என்றாள். "பேரிங்க மாட்டிட்டா அதுவா நகந்துடும்."

"இன்னிக்கா? பாக்கறவன் காறித் துப்புவான்."

"துப்பட்டும்."

மாலையோடு வந்திருந்த மெக்கானிக் லியாகத் அலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மதிவாணனோடு பல வருஷப் பழக்கம். சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு சக்கரத்தடியில் குந்தினார்.

"பழச எல்லாம் தட்டி எடுத்து வச்சிருக்காரு தங்கச்சி. புதுச மாட்ட வேண்டியதுதான். எங்க அது?"

அங்கேதான் வந்தது வினை. ஸ்பேனர் பையில் இல்லை. சீட்டுக்கு அடியில் இல்லை. டேஷ்போர்டைக் கவிழ்த்தாற்போலக் கொட்டியதில் வெற்றிலைக் காம்பும் ரேஷன் கடைப் பையும்தான் விழுந்தன. தஞ்சாவூரிலிருந்து வாங்கி வந்ததை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். அது வந்த காலி அட்டைப்பெட்டி மட்டும் பேனட் மேல் இருந்தது. தேடிக்கொண்டிருக்கும்போதே டிராக்டர் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. நெடுமாறன் கயிற்றைப் பிரித்தார்.

"அந்தத் துணிய எடுத்துப் போடுங்கடி" என்று உள்ளே யாரோ சொன்னார்கள். "ஃப்ரிட்ஜ் ஒழுவுது பாருங்க, மீன் தண்ணி."

எல்லையம்மாள் அப்படியே நின்றாள். நேற்று மத்தியானம் ஃப்ரீசரைத் திறந்து அவள்தான் கத்தினாள். "மீன் வைக்கிற எடத்துல இரும்பக் கொண்டாந்து வச்சிருக்கீங்களே, புத்தி இருக்கா?" அவன் சிரித்தான். "ஐஸ்ல கெடந்தா இரும்பு துளி சுருங்கும்டி. சண்ட போடாம உள்ள எறங்கும்."

உள்ளே ஓடினாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். உருக ஆரம்பித்திருந்த கொடுவா மீன் தலைக்கு அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. எடுத்த கையைச் சுட்டது குளிர். பெட்டிக்குள் இருந்த அவன் முகத்தை அப்போது அவள் பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாது என்று அவளுக்குத் தெரியும்.

லியாகத் அலி இரண்டு மூன்று தட்டுத்தான் தட்டினார். வளையம் சண்டை போடாமல் இறங்கியது. கிரீஸை அவளே உள்ளங்கையில் எடுத்து உருளைகளுக்குள் அழுத்தி ஏற்றினாள். உள்ளே ஒப்பாரி, வெளியே சுத்தியல். தெருச்சனம் வாயில் கைவைத்துப் பார்த்தது. யாரோ "புத்தி பேதலிச்சிருச்சு, பாவம்" என்றார்கள். காதில் விழுந்தது. லியாகத் அலி நட்டை இறுக்கி, துளி தளர்த்தி, பின்னைப் போட்டுச் சக்கரத்தை மாட்டினார். ஜாக்கியை இறக்கியதும் வண்டி நாலு காலில் நின்றது.

"சாவியக் குடு" என்று கை நீட்டினார் நெடுமாறன். "நான் கொண்டுபோய் நிறுத்திடறேன்."

"நானே எடுத்துக்கறேன் மாமா."

உப்பளத்து ரோட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்ததுதான். தெருவில் ஓட்டியதில்லை. முதல் தடவை வண்டி குலுங்கி அணைந்தது. இரண்டாம் தடவை நகர்ந்தது. டிராக்டர்காரன் பின்னால் எடுத்து ஒதுங்கினான். நெடுமாறன் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றார்.

வாய்க்கால் மதகடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே வந்த பிறகுதான் உறைத்தது. தை மாதத்திலிருந்து அந்தச் சக்கரம் கரகரவென்று அரைத்துக்கொண்டுதான் வரும். சந்தை முடிந்து மதகில் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்டுவிடும். அவள் குழம்பைச் சூடு பண்ண வைப்பாள், தர்ஷினி கேட்டைத் திறக்க எழுந்திருப்பாள். இப்போது வண்டி மூச்சுக் காட்டாமல் வந்திருந்தது.

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தே திரும்பினாள். வாசலில் பாடை கட்ட மூங்கில் வந்து இறங்கியிருந்தது. லியாகத் அலி பழைய பேரிங்கைத் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போய் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. அவன் நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருந்தது.

"வண்டி போன சத்தமே கேக்கலம்மா" என்றாள் தர்ஷினி.

"சரியாயிடுச்சு."

மடியில் துணி அவிழ்ந்து கிடந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவள் கட்டைவிரல் பழைய பேரிங்கை ஒரு சுற்றுச் சுற்றியது. கரகரவென்று அரைத்தது.

தர்ஷினி தலையைத் தூக்கி வாசல் கேட்டைப் பார்த்தாள்.