வண்டிக்குச் சுற்றிய உப்பு

சத்யப்ரியா வருகிறாள் என்றதும் அம்சவள்ளி வீட்டுக்கு வெள்ளையடித்தாள். வருகிறவள் வீட்டுக்குள் படுக்கப் போவதில்லை என்று தெரிந்தும்தான் அடித்தாள். முப்பது வயது மகளுக்கு இப்போது வீடே ஒரு குட்டியானை லோடு வண்டிதான். அதன் பின்பக்கம் தகரக் கூண்டு கட்டி, உள்ளே பலகைக் கட்டில், ஒற்றை அடுப்பு, ஸ்க்ரூடிரைவர் பெட்டி எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறாள். கம்பெனி வேலையை விட்டு அந்த வண்டியை வாங்கிய அன்று அவள் அப்பா வெங்கடாசலம், "வண்டியில குடித்தனம் பண்றவளுக்கு வீடு எதுக்கு?" என்று கேட்டார். அதோடு பேச்சு நின்றது. இரண்டு வருடம் ஆகிறது.

மூன்று நாள் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். அந்த மூன்று நாளில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையாவது வந்துவிட வேண்டும். வராவிட்டால் மகள் இனி பிறந்த ஊரான மரக்காணம் பக்கமே திரும்ப மாட்டாள் என்பது அம்சவள்ளியின் பயம்.

வண்டி தெருவில் வந்து நின்றபோது வெங்கடாசலம் வாசலில் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். உப்பளத்திலிருந்து வந்ததும் ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் சைக்கிளைக் கழுவாமல் அவர் சோற்றில் கை வைத்ததில்லை. உப்புக் காற்று அதுவரை மூன்று சைக்கிளைத் தின்றிருந்தது. மகளைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். குனிந்து அதன் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தெருப் பெண்கள் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பல வருடமாகத் துணி மூட்டைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த மெஷின்கூட சத்யப்ரியா கைபட்டதும் கடகடவென்று ஓடியது. பக்கத்து வீட்டு ஜான்சிக்கு வந்த வேலை முடிந்தும் போக மனமில்லை.

"ஏம்மா, நீ கல்யாணம் கட்னா மாப்பிள்ளய முன்னாடி உக்கார வைப்பியா, பின்னாடி ஏத்துவியா?"

"லைசன்ஸ் இருந்தா முன்னாடிதான் அத்த."

பெண்கள் சிரித்த சிரிப்பில் அம்சவள்ளியும் சிரித்துவிட்டாள். இந்தக் கேள்வியை நினைத்துத்தான் இரண்டு வருடமாகத் தெருக் குழாயடியில் தலைகுனிந்து நின்றிருக்கிறோம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அன்று மதியம் மகள் அவளை வண்டிக்குள் ஏற்றினாள். பரிதாபப்படத் தயாராகத்தான் ஏறினாள். உள்ளே பார்த்தால், புதிதாக வெள்ளையடித்த தன் வீட்டைவிடச் சுத்தம். கத்தரிக்கோல்கள் வரிசையாகத் தொங்கின. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கட்டிலில் சாய்ந்தவளை மகள் டீ வைத்து எழுப்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. பகலில் தூங்கியது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

எல்லாம் சரி, அவர் மட்டும் பேசவில்லை. சாப்பிடும்போது மகள் குழம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் சுவரைப் பார்த்து, போதும் என்று கையைக் காட்டினார்.

மூன்றாம் நாள் காலை சத்யப்ரியா வண்டியைக் கிளப்பினாள். அம்சவள்ளி, கிளம்பும் மகளுக்குத் திருஷ்டி கழிக்க வேண்டும் என்று நிறுத்தினாள். மற்ற ஊரில் ஒரு கைப்பிடி உப்பில் கழித்துவிடுவார்கள். உப்பளத் தெருவில் அது கஞ்சத்தனம். மனுஷிக்கே இரண்டு கைப்பிடி என்றால் இத்தனை பெரிய வண்டிக்கு? அவள் ஒரு முறம் நிறைய, நேற்று வாரி வந்த ஈரம் காயாத உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வண்டியை மூன்று சுற்று சுற்றினாள். தெருமுனையில் கொட்ட வேண்டியதை, கண் கலங்கிய வேகத்தில், முன் சக்கரத்தின் மேலேயே வீசிக் கொட்டினாள்.

உள்ளேயிருந்து வெங்கடாசலம் துண்டைக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"இன்னாடி பண்ற? இரும்புக்குப் போய் உப்ப கொட்டுவாங்களா?" என்றவர், அதே வேகத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீயும் பாத்துக்கினு குந்தினுகீறியே. பின்னாடி எடு, டிரம்மு கிட்ட. எடு."

சத்யப்ரியா மறுபேச்சில்லாமல் பின்னால் எடுத்தாள்.

நாளை குழாயில் தண்ணீர் வரும்வரை வைத்துக்கொள்ள வேண்டிய நல்ல தண்ணீர் டிரம் அது. அவர் சொம்பு சொம்பாக மொண்டு சக்கரத்தைக் கழுவினார். பிறகு சொம்பைப் போட்டுவிட்டுக் குடத்தை எடுத்தார். மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அடியிலிருந்து திட்டு வந்துகொண்டே இருந்தது. சைலன்சர் போயிடுச்சு, போல்ட்டு எல்லாம் துரு, எந்த மடையன் பெயிண்ட் அடித்தான், கேட்க ஒரு ஆள் கிடையாதா. இரண்டு வருடத்துத் திட்டு. சத்யப்ரியா பக்கத்தில் குந்தி, ஸ்பேனரை நீட்டியபடி ஒவ்வொன்றுக்கும் "சரிப்பா" என்றாள்.

வெளியே வந்தவர் முதுகெல்லாம் சேறு.

"கடலோரமா ஓட்டினா வாரம் ஒரு தபா அடியில நல்ல தண்ணி ஊத்தணும்."

"ரோட்ல நான் எங்கப்பா தண்ணிக்குப் போவேன்?"

அவர் துண்டைத் தேடினார். தோளில் அது இல்லை. வெறும் தோளைத் தட்டிக்கொண்டார்.

"இங்க கொண்டா."

"வாரா வாரமா?"

"அதுக்கு மேல இரும்பு தாங்காது."

வண்டி முனை திரும்பும்வரை அவர் அதன் அடிப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அம்சவள்ளி டிரம்மை எட்டிப் பார்த்தாள். சோறு வடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜான்சி வீட்டுக்கு நடந்தாள். நேற்றுதானே டிரம் நிறைய பிடித்தாய் என்று ஜான்சி கேட்டதும், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"எம் பொண்ணு வண்டிக்கு அவங்கப்பா ஊத்திட்டாரு. இனிமே வாரா வாரம் கடன் கேட்டு வருவேன், சொல்லிட்டேன்."