போனில் பேசியது யார்?

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், டீக்கடை வாசலில் தொங்கிய பேப்பர் போஸ்டரைப் புவனேஸ்வரி கிட்டே போய்ப் படித்தாள்.

'விடிய விடிய போனில் கள்ளக்காதல்! மனைவியை வெட்டினார் கணவர்!'

அந்த மனைவி அவளுடைய தங்கை ஜெயசுதா. தோளில் வெட்டுப்பட்டு அரியலூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். விடிய விடிய அவளோடு பேசியது புவனேஸ்வரிதான். "அடிக்கிறாருக்கா, வந்து கூட்டிட்டுப் போயிடு" என்ற அழுகை இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

இன்று மாஜிஸ்திரேட் வாக்குமூலம் வாங்க வருகிறார். ஜெயசுதா உள்ளதைச் சொன்னால் அவள் புருஷன் மணிமாறன் ஜெயிலுக்குப் போவான். சொல்லாவிட்டால் மறுபடி அவன் கையில்தான்.

முந்தின நாள் போட்டோ கேட்டுப் பேசிய நிருபர் ஜெயப்பிரகாஷைப் போனில் பிடித்தாள்.

"சார், போன்ல பேசினது நானு! கூடப்பொறந்த அக்கா!"

"நான் குடும்பத் தகராறுன்னுதாம்மா அனுப்பினேன். தலைப்பு திருச்சி ஆபீஸ்ல போடுறது. நாளைக்கு வேணா ஓரமா ஒரு மறுப்பு..."

துண்டித்துவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினாள். முன் சீட்டில் பேப்பர் விரிந்திருந்தது.

"பொம்பளைக்கு ராத்திரில என்னய்யா போனு?"

"வெட்டுனவன் மனசு என்ன பாடுபட்டுச்சோ, பாவம்!"

புவனேஸ்வரி பேப்பரைப் பிடுங்கிக் கிழித்தாள். "அந்தக் கள்ளக்காதலன் நான்தான்யா. நல்லாப் பாத்துக்க!"

அரியலூர் வந்ததும் முதல் ஆளாய் இறங்கினாள்.

வார்டுக்குள் ஓடினாள். மாஜிஸ்திரேட் வந்துவிட்டுப் போயிருந்தார். கட்டிலருகே அப்பா ராசாங்கம், அதே பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி.

"என்னடி சொன்ன?" தங்கையிடம் கேட்டாள் புவனேஸ்வரி.

ஜெயசுதா சுவரைப் பார்த்தாள். "அரிவாமணைல விழுந்துட்டேன்னு."

"பைத்தியமாடி நீ?"

"வெட்டுனாருன்னா, ஏன் வெட்டுனாருன்னு கேப்பாங்கக்கா. விழுந்தேன்னா யாரும் கேக்க மாட்டாங்க."

ராசாங்கம் குறுக்கே வந்தார். "வெட்டே இல்லன்னா கள்ளக்காதலும் இல்லதானே? பேப்பர்ல போட்டது பொய்யின்னு ஊருக்குத் தெரியட்டும்."

"அப்புறம் இவ எங்கப்பா போவா?"

"புருஷன் வூட்டுக்குத்தான். மாப்பிள்ளைய சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன்லருந்து விட்டுருவாங்க. அவரே வந்து கூட்டிக்குவாரு."

ஜெயசுதாவின் கட்டுப் போடாத கை போர்வைக்குள்ளிருந்து நீண்டு, அக்காவின் முந்தானையை இறுக்கிப் பிடித்தது.