மேற்படி ஊழியர்

மாட்டுங்காவில் ஒருவருக்கு மறதி என்று வெளியே தெரிந்தால் போதும், மறுநாளே தெருவில் பாதிப் பேர் நரம்பு வைத்தியராகிவிடுவார்கள். ஒருவர் வல்லாரை என்பார், ஒருவர் தலைக்கு எண்ணெய் என்பார், மூன்றாமவர் தம் மாமாவின் கதையை எடுப்பார். கதை முடிவில் அந்த மாமா செத்துப்போயிருப்பார். அதற்குப் பயந்துதான் நாகலக்ஷ்மி கணவரை யாருக்கும் சொல்லாமல் தாதரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் வெங்கடேஸ்வரனை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளுக்கு அரைமணி நேரம் பிரசங்கம் செய்தார். வயதானால் மூளை சுருங்கும். ஓயாத பதற்றத்தில் உடம்பில் ஏதேதோ சுரந்து உள்ளிருக்கும் ரசாயனம் நிலை தப்பும். நேற்று நடந்தது முதலில் போகும், கை பழகியது கடைசியில் போகும். போனது திரும்புமா என்று அவள் கேட்டாள். வைட்டமின் ஊசி எழுதிக் கொடுத்தார். மனிதர் எதற்கும் கவலைப்படக் கூடாது, முக்கியமாகத் தமக்கு வந்திருப்பது இன்னதென்று அவருக்குத் தெரியவே கூடாது என்றார்.

அன்றிலிருந்து அது அவள் வேலையாயிற்று.

வெங்கடேஸ்வரன் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் தலைமை ஸ்டெனோ. பாலக்காட்டிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்திறங்கும் பிள்ளைகள் அவர் வீட்டு முன்னறையில் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்துவிட்டுத்தான் வேலை தேடப் புறப்படுவார்கள். தோசைத் திருப்பியும் கையுமாகக் கரும்பலகையை எட்டிப் பார்த்தே நாகலக்ஷ்மிக்கும் அந்தக் கோணல் கோடுகள் பிடிபட்டுவிட்டன. அவளுக்கு யாரும் சர்டிபிகேட் தரவில்லை.

இப்போதும் அவர் கை டிக்டேஷனை ஒரு சொல் விடாமல் எழுதியது. எழுதியதைத் திரும்பப் படிக்கத்தான் வரவில்லை. சின்னக் கடிதங்களால் ஆபத்தில்லை. மேனேஜர் ஜகந்நாதன் பத்து வருஷமாக நான்கே வாக்கியங்களைத்தான், ஐ.நா. சபையில் நிற்கிற தோரணையில், மாற்றி மாற்றிச் சொல்லிவந்தார். விரல்களுக்கே அவை மனப்பாடம். நீளமான கடிதங்கள் நோட்டோடு வீட்டுக்கு வரும். கண் கலங்கறது, நீயே அடிச்சுடேன் என்பார். கண்ணில்தான் கோளாறு என்று அவர் நம்பினார். வகுப்புக்கு வைத்திருந்த பழைய மிஷினில் அவள் அடித்துக் கொடுப்பாள். ரிடையராக இன்னும் எட்டு மாதம். அதுவரை தள்ளிவிட்டால் ஒன்றும் தெரியாமலே மாலையும் கழுத்துமாக வீடு வந்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து குஷியாக வந்தார்.

"கதவைச் சாத்திண்டு டிக்டேஷன் குடுத்தார், கேட்டியா. ரொம்ப ரகசியம். என்னை விட்டா யாரை நம்புவர்?"

சாப்பிட்டு அவர் கண்ணயர்ந்ததும் அவள் நோட்டைப் பிரித்தாள். கல்கத்தா தலைமை ஆபீசுக்குக் கடிதம். யாரையும் பெயர் சொல்லிக் குறை சொல்லும் தைரியம் ஜகந்நாதனுக்குப் பிறவியிலேயே கிடையாது. முன்பு நேரில் நான் குறிப்பிட்ட ஊழியர் என்று ஆரம்பித்து, பிறகு முழுக்க மேற்படி ஊழியர். மேற்படி ஊழியர் முப்பத்தோரு வருஷம் அப்பழுக்கில்லாமல் உழைத்தவர். அண்மைக் காலமாக அவருடைய புத்தி தெளிவாக இல்லை. ஒரே கடிதத்தை இரண்டு முறை அடிக்கிறார். ஒருநாள் தம் நாற்காலி எது என்று பியூனிடம் கேட்டார். ஆழ்ந்த வருத்தம் மூன்று இடத்தில் வந்தது. இந்த மாதக் கடைசியோடு அவரை விடுவிக்க வேண்டுகிறேன்.

கடிதம் அதோடு முடிந்தது. கை முடிக்கவில்லை. காதில் விழுந்ததை எல்லாம் எழுதிப் பழகிய கை, கடிதத்தில் சேராததையும் கீழே எழுதியிருந்தது: 'வெங்கடேஸ்வரன், நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துவிடும். ஏதாவது பேசுமய்யா.'

நாகலக்ஷ்மி அந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தாள். கிழித்துப் போடலாம். அந்த நான்கு வாக்கியங்களையே அடித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் திங்கட்கிழமை ஜகந்நாதன் வாய் திறக்க வேண்டிவரும், ஆபீசே கேட்க. காகிதத்துக்கு வாயில்லை. கீழே இருந்த வரிகளை விட்டுவிட்டு மற்றதை அடித்தாள்.

மிஷின் சத்தத்தில் அவர் எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கமா கமாவாகச் சரிபார்த்தார்.

"பாவம்டி, யாரோ. முப்பத்தோரு வருஷமாம், என்னாட்டம். ஆத்துக்காரி இருக்காளோ என்னமோ."

"இருக்கா."

"அவளுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்போ அவதான் பக்குவமாச் சொல்லணும். லெட்டரைப் பார்த்துத் தெரிஞ்சுண்டா அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவன்."

அவள் தலையாட்டினாள். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் தாளின் இடது கீழ்மூலையைத் தட்டிக் காட்டினார். சொன்னவர் இனிஷியல், கோடு, அடித்தவர் இனிஷியல்: அது இல்லாமல் எந்தக் கடிதமும் அந்த ஆபீசை விட்டுப் போகக் கூடாது. அவருக்காக அடித்த ஒவ்வொன்றிலும் அவர் இனிஷியலைத்தான் அவள் போட்டு வந்தாள். இதில் போட விரல் வரவில்லை.

இதற்கு வேண்டாம் என்றாள்.

"நன்னாருக்கே. நம்ம வேலைக்கு நாம பேர் போடாண்டாமா?"

தாளைத் தாமே மிஷினில் சொருகி, வரி நேராக்கி, ஜகந்நாதனுடையதை அடித்தார், கோடு போட்டார், தம்முடையதை அடித்தார். விசைகளைப் பார்க்கவே இல்லை. ஒரு எழுத்தும் தப்பவில்லை.