பெரினாவின் பக்கச்சுவர்

சினிஷா அந்தக் குழாயை உள்ளங்கையால் தட்டிக் காட்டினான். குதிரை விற்பவன் குதிரையின் பிட்டத்தைத் தட்டுவதுபோல இரண்டு தட்டு. ஸ்பிளிட் நகரத்திலிருந்து அன்று காலைதான் அந்த ரப்பர் படகை ஓட்டிக்கொண்டு எங்கள் துறைக்கு வந்திருந்தான். பிப்ரவரிக் குளிரில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படகு விற்க வருகிறவனைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது அதற்குமேல் எதுவும் இல்லை. அடித்தட்டு மட்டும் கெட்டியான ஃபைபர். சுற்றிலும் சாம்பல் நிறத்தில், ஆள் தொடையைவிடத் தடிமனான காற்றுக் குழாய். கூரை இல்லை, அறை இல்லை, பெயர் எழுத ஒரு சாண் மரம் இல்லை. கடற்கரையில் குழந்தைகள் இடுப்பில் மாட்டிக்கொண்டு மிதக்கும் வளையத்துக்கு எஞ்சின் வைத்ததுபோல் இருந்தது.

தொட்டுப் பாருங்கள் என்றான். நான் கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

வலைக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்த பாவெ, காற்று இறங்கினால் என்ன செய்வது, சைக்கிள் கடைக்காரனையும் கூடவே ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள். சினிஷாவும் சிரித்துக்கொண்டே, குழாய் உள்ளே ஐந்து அறைகளாகப் பிரிந்திருக்கிறது, ஒன்று கிழிந்தாலும் மற்ற நான்கும் தாங்கும் என்று விளக்கினான்.

"அப்ப மார்தினிச் குடும்பம் மாதிரின்னு சொல்லு," என்றான் பாவெ. "ஒருத்தன் போனாலும் மத்தவன் வெறப்பாத்தான் நிப்பான்."

யாரும் சிரிக்கவில்லை. என் தம்பி மகன் டின்கோ குனிந்து கயிற்றை அவிழ்ப்பதுபோல் பாவனை செய்தான். நான் பாவெயைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்தான். பன்னிரண்டு வருடமாக எங்கள் இருவருக்கும் இதுதான் பேச்சு.

எங்கள் படகு பெரினாவின் எஞ்சின் போன இலையுதிர் காலத்தில் நின்றுபோயிற்று. மாற்று எஞ்சின் போடுவதைவிடப் புதுப் படகே வாங்கிவிடலாம் என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். பெரினா என் அம்மாவின் பெயர். படகில் பாதி என்னுடையது. மறுபாதி தம்பி விட்ஸ்கோவினுடையது. அவன் போன பிறகு அவன் மனைவி நெவென்காவுக்கும் மகன் டின்கோவுக்கும். பாதிப் படகை யாரும் வாங்க முடியாது, ஆகவே இரண்டு வீடும் ஒரே சொல்லுக்கு வந்தாக வேண்டும். நான் எதிர்த்தீவுப் படகுப் பட்டறையில் ஏற்கெனவே பேசிவிட்டிருந்தேன். பெரினாவை வார்த்த அதே அச்சு அங்கே இன்னும் இருக்கிறது. அதே அறை, அதே டீசல் எஞ்சின், அதே பக்கச்சுவர்.

அந்தப் பக்கச்சுவரைப் பற்றி இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். பட்டறைக்காரன் வழக்கமாக வைக்கும் உயரத்துக்குமேல் இரண்டு சாண் கூட்டி வைக்கச் சொன்னவர் என் அப்பா. மற்றவர்கள் படகில் அலை ஏறி உட்கார்ந்துகொள்ளும், மார்தினிச் படகுக்குள் வருவதற்கு அலை அனுமதி கேட்க வேண்டும் என்பார். முதலில் ஊர் கேலி செய்தது. பிறகு தெற்குக் காற்று அடிக்கும் நாட்களில் டாக்டரை அழைத்துவர, பிரசவக்காரியைக் கொண்டுபோக, பிஷப்பை ஏற்றிவர எங்கள் வாசலுக்கே வந்தார்கள். ஒருவர் காலும் நனையாமல் இறங்கினார்கள். அந்த உயரம் எங்களுக்கு வெறும் ஃபைபர் அல்ல.

டின்கோவுக்கு ரப்பர் படகு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவன் சொன்ன காரணங்களை எல்லாம் நான் கேட்டேன், கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேகம். குறைந்த எண்ணெய். கோடைக்கு வருகிறவர்களைக் கூழாங்கல் கரைவரை கொண்டுபோய் இறக்கலாம். எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்று படம் எடுத்தாலும் சாயாது. நான் என்னுடையதைச் சொன்னேன். முகத்தில் உப்புத் தண்ணீர் அடிக்கும், முதுகு உடையும், வெயிலில் காய்ந்து ஒட்டு விடும், சிமெண்ட் மூட்டையும் எரிவாயு உருளையும் எதில் ஏற்றுவாய், காய்ச்சல்காரனை எங்கே படுக்கவைப்பாய். எதற்கும் பதில் வைத்திருந்தான். அவன் பேசிய விதத்தில்தான் எனக்குச் சந்தேகம். காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தானே தவிர, வேறு எதையோ கைக்கடியில் மறைத்து வைத்திருந்தான். நெவென்கா கீரையைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். கடைசியில், ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றான் டின்கோ. நான் நியாயம் தெரிந்தவன். சரி என்றேன்.

துறையைத் தாண்டியதும் சினிஷா வேகத்தைக் காட்டினான். ஒவ்வோர் அலையும் என் முதுகெலும்பைக் கணுக் கணுவாகத் தட்டிப் பார்த்தது. இருக்கை என்று அவர்கள் சொல்வது குதிரைச் சேணம். எழுபத்தொரு வயதில் கால் இரண்டையும் விரித்து அதில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயில் உப்போடு முனைவரை போய் வந்தேன். ஒரு சொல் முனகவில்லை. திரும்பித் துறைக்குள் நுழைந்ததும் எஞ்சினை அணைக்கச் சொன்னான் டின்கோ. கிளம்பும்போதே ரப்பர் பூட்ஸும் கனத்த மழைக்கோட்டும் போட்டிருந்தான். தண்ணீர் தெறிக்குமே என்று போட்டிருக்கிறான் என்று நினைத்திருந்தேன்.

குழாயின் மேல் உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். அப்படியே பின்பக்கமாகக் கடலில் விழுந்தான்.

சினிஷா அலறினான்: இதற்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடையாது, தனக்கு இதில் சம்பந்தம் கிடையாது. டின்கோ மேலே வந்தான். பூட்ஸில் தண்ணீர் ஏறிக் கனத்துவிட்டது, தாடைவரை மூழ்கிக் கிடந்தான். உதடு அதற்குள் வெளுத்திருந்தது.

"நீங்க மட்டும் இழுங்க பெரியப்பா," என்றான். "அந்த ஆள் கை வைக்கக் கூடாது."

அவன் என்ன செய்கிறான் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. கன்னத்தில் அறையக் கை எட்டியிருந்தால் அறைந்திருப்பேன். அறைய எட்டாத கை இழுக்க எட்டியது. குழாயின் மேல் மார்பை வைத்துச் சாய்ந்து, காலரையும் இடுப்புப் பட்டையையும் பிடித்தேன். குழாய் என் எடைக்கு அமுங்கித் தண்ணீர்ப் பக்கம் தாழ்ந்தது. ஒரு முறை அவனை அமிழ்த்தி எழுப்பிவிட்டுப் பின்னால் சாய்ந்தேன். ஈரக் குழாயின் மேல் வழுக்கிக்கொண்டு, பிடிபட்ட பெரிய மீன்போல, அவன் என் கால்மேல் வந்து விழுந்தான். அவ்வளவுதான். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. எழுபத்தொரு வயதுக் கை.

என் கோபத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அது அவன்மேல் மட்டும் இல்லை. அவ்வளவு எளிதாக வந்த அந்த உடம்பின்மேல்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் விட்ஸ்கோ விழுந்தபோது படகில் நாங்கள் இருவர் மட்டும். தெற்குக் காற்று. இதே மாதிரி பூட்ஸ், இதே மாதிரி கோட். பெரினாவின் பக்கத்தில் குப்புறக் கவிழ்ந்து தொங்கினால்தான் என் கை அவன் காலரைத் தொட்டது. பிடித்தேன். தூக்க முடியவில்லை. பின்பக்கத்து ஏணிக்கு அவனை இழுத்துப் போகலாம் என்றால் அங்கே படகு அலையில் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது, அடியில் போனால் மண்டை பிளக்கும். பிடித்துக்கொண்டே இருந்தேன். என் கையில் உணர்ச்சி போனது. பிறகு அது திறந்திருந்தது. நான் திறக்கவில்லை.

எங்கள் ஊரில் கடலில் போனவனை அடக்கம் செய்த பிறகு, படகில் அவனோடு இருந்தவன் சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு முறை. குறுக்கே யாரும் கேட்கக் கூடாது, பிறகு எப்போதும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. நான் எழுந்து நிற்கவில்லை. ஏனென்றால் அடக்கத்துக்கு முந்தின நாளே பாவெ மதுக்கடையில் கேட்டுவிட்டான், அவ்வளவு பெரிய ஆள் யெர்கோ, தம்பியைத் தூக்க முடியாமலா விட்டான் என்று. கேள்வி வந்த பிறகு சொன்னால் அது பதில் ஆகிவிடும். மார்தினிச் வீட்டு ஆள் மதுக்கடைக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன். சூப் ஆறியது. எல்லோரும் என் நாற்காலியைப் பார்த்தார்கள். இன்று அந்த மேஜை மறுபடி போடப்பட்டாலும் அப்படியேதான் உட்கார்ந்திருப்பேன்.

கரையேறியதும் நேரே வீட்டுக்கு நடந்தேன். பட்டறைக்கே சொல்லி அனுப்பப் போகிறேன், இரண்டு சாண் இல்லை, மூன்று சாண் கூட்டி வைக்கச் சொல்லி. அப்போது பின்னால் மறுபடி தண்ணீர்ச் சத்தம். டின்கோ கரையிலிருந்து குதித்து, துறையில் கட்டிக் கிடந்த பெரினாவின் பக்கத்துக்கு நீந்திப் போயிருந்தான். பூட்ஸோடு, கோட்டோடு. வெள்ளைப் பக்கச்சுவருக்குக் கீழே அவன் தலை மட்டும் தெரிந்தது. பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. அப்பா வழவழவென்றுதான் செய்யச் சொல்லியிருந்தார்.

துறையில் ஆள் கூடிவிட்டது. ரொட்டிக் கடைக்காரி கையில் மாவோடு வந்து நின்றாள். நெவென்காவும் வந்திருந்தாள், வீட்டுச் செருப்போடு. மகனை மேலே வா என்று அவள் கூப்பிடவில்லை. இது யாருடைய யோசனை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அவனை வெளிய வரச் சொல்லு," என்றேன். "ஊர் முன்னாடி என்னைக் கூத்தாட வைக்கிறீங்களா ரெண்டு பேரும்?"

"பன்னெண்டு வருஷமா நான் உங்களை ஒண்ணும் கேட்டதில்ல," என்றாள் நெவென்கா. "இப்பவும் கேக்கல. பாக்கணும். அவ்வளவுதான்."

"என்னத்தைப் பாக்கணும்?"

"நீங்க புடிச்சதை."

வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் பாவெக்கு இன்னொரு பன்னிரண்டு வருடத்துக்குப் பேச்சு கிடைத்திருக்கும். போகாவிட்டால் நான் சந்தையில் ஆடும் கரடி. என் மானத்தைச் சந்தியில் வைத்துச் சோதிக்க இவர்களுக்கு உரிமை கொடுத்தது யார்? ஒருவரும் நகரவில்லை. சினிஷா கண்ணாடியைக் கழற்றிவிட்டான். கீழே டின்கோவின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஒரு முறை அவன் தலை உள்ளே போய் வெளியே வந்தது, இருமினான்.

நான் பெரினாவில் ஏறினேன். யாருக்காகவும் இல்லை, அவன் சாகக் கிடக்கிறான் என்பதற்காக. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பக்கச்சுவரின் மேல் வயிற்றை வைத்துக் கவிழ்ந்தேன். விளிம்பு விலாவை அழுத்தியது, எந்த இடத்தில் அழுத்தும் என்று அந்த விலாவுக்குத் தெரியும். கையை நீட்டினேன். எட்டவில்லை. இன்னும் சரிந்தேன். கால் இரண்டும் தளத்தைவிட்டு எழும்பின. காலர் விரலில் பட்டது. பிடித்தேன்.

இழுத்தேன். அவன் தோள் தண்ணீருக்குமேல் வந்தது, அதோடு நின்றது. மறுபடி இழுத்தேன். என் உடம்புதான் வெளியே சரிந்தது. கரையில் இருந்த யாரோ உதவிக்கு அடியெடுத்து வைத்தார்கள். நெவென்கா கையை நீட்டித் தடுத்தாள். பாவெ வலைக் குவியலிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். அவன் தொப்பி கையில் இருந்தது. அவனைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து நிற்கச் சொல்லி யார் கேட்டது? நான் டின்கோவைப் பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில், அண்ணாந்து, நீலம் பாய்ந்து, அது விட்ஸ்கோவின் முகம் இல்லை. விட்ஸ்கோ கடைசிவரை ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தான், முட்டாள்தனமாக, எஞ்சினைப் பற்றி. இவன் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. விரல்களில் முதலில் எரிச்சல், பிறகு ஊசி குத்துவதுபோல், பிறகு ஒன்றுமில்லை.

"போதும் பெரியப்பா," என்றான் டின்கோ. "அம்மா பாத்துட்டா. விடுங்க."

"வாயை மூடுறா."

"எல்லாரும் பாத்துட்டாங்க. விடுங்க, நான் அந்தப் படகுக்குப் போயிடுறேன்."

"உங்கப்பன்கூட இப்படிச் சொல்லலடா," என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. துறை முழுக்கக் கேட்டிருக்கும்.

சினிஷா ரப்பர் படகை மெதுவாகக் கொண்டுவந்து எஞ்சினை அணைத்தான். சாம்பல் குழாய் டின்கோவின் முதுகுப் பக்கம் சத்தமில்லாமல் வந்து ஒட்டியது. டின்கோ ஒரு கையை உயர்த்தி அதன்மேல் போட்டுக்கொண்டான். சினிஷா குனிந்து அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்துவிட்டு, நான் காலரை விடுவதற்காக நிமிர்ந்து பார்த்தான். இரண்டு படகுகளும் அலையில் கொஞ்சம் விலகின, கொஞ்சம் நெருங்கின. பிள்ளை நடுவில் கிடந்தான். மேலே வெள்ளைச் சுவரில் நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன், என் விரல்கள் அவன் காலரில் மூடியிருந்தன.