கடல் தாண்டி வந்த அக்கப்போர்

தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மஸ்கட்டில் தொழிலாளர் தங்கும் கட்டடத்தில் ராத்திரி தீப்பிடித்ததாம். இறந்தவர்களில் ஒருவர் காரைக்குடிப் பக்கத்து ஆளாம். பெயர் இல்லை. என் வீட்டுக்காரர் முத்துக்கண்ணனும் எதிர்வீட்டுக் காளீஸ்வரியின் புருசன் செம்மலையும் அங்கே ஒரே அறையில் இருப்பவர்கள். இருவருமே போனை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் காளீஸ்வரி வந்தாள், கையில் சோற்றுக் கிண்ணத்தோடு. அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. காரைக்குடியை அடுத்த எங்கள் அமராவதிபுதூரில் சாவுச் செய்தியை யாரும் நேராகச் சொல்லிவிட மாட்டார்கள். முதலில் வயிற்றுக்கு ஏதாவது போட வைப்பார்கள். அழ ஆரம்பித்துவிட்டால் அப்புறம் தொண்டையில் எதுவும் இறங்காதே.

"எல்லாம் அக்கப்போருதான்க்கா. நம்பாதீக. ரெண்டு வாய் சாப்பிடுங்க."

"அக்கப்போர்னா சோறு எதுக்குடி? எனக்குப் பசிக்கல."

"காலையில இருந்து வெறும் வயிறாத்தானே இருக்கீக?"

"உன் புருசனுக்கு நைட் டூட்டி. ரூம்ல படுத்திருந்தது என் புருசன்தான். அதானே நெனச்சு வந்திருக்கே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன். நான் சாப்பிடாதவரை யாரும் சொல்ல முடியாது. சொல்லாதவரை அவர் உயிரோடு இருக்கிறார். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் எனக்கு வேறு பிடிமானம் இல்லை.

போன லீவில் அவர் கேலி பேசியது நினைவுக்கு வந்தது. "அக்கப்போரு அரபிக்காரன் சொல்லு, தெரியுமாடி? அங்குட்டு அக்பார்னா வெறும் செய்தி. டிவியில தெனமும் போடுவான். இங்குட்டு வந்து உங்க வாயில விழுந்ததும் வம்பாயிருச்சு." நான் துண்டை அவர்மேல் வீசினேன். இப்போது குழுவில் வந்திருப்பது செய்தியா, வம்பா? எதை நம்பித் தொலைப்பது?

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நாகு."

அவர் குரல்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க இருக்கீக? நல்லா இருக்கீகளா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. செம்மலைக்குக் காய்ச்சல். அவன் டூட்டிக்கு நான் போனேன்." பிறகு மெல்லக் கேட்டார். "காளி பக்கத்துல இருக்கா?"

"ம்."

"அது சாப்பிட்டுச்சா?"

போனை வைத்தேன். காளீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணன்தானே? நல்லா இருக்காகளா? நாந்தான் சொன்னேன்ல, எல்லாம் அக்கப்போருன்னு!"

தள்ளிவிட்ட கிண்ணத்தை இழுத்துச் சோற்றைப் பிசைந்தேன். ஒரு கவளத்தை உருட்டி அவளிடம் நீட்டினேன்.

"நீயும் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலதானே, காளி? வாயைத் திற."

அவள் என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"எனக்குப் பசிக்கலக்கா" என்றாள்.